அதிர்வு சொல்லும் செய்தி

நுழையும்முன்

ஓடும் இயந்திரம் எதுவும் முழு அமைதியோடு ஓடுவதில்லை. அதன் நடுக்கத்தில் ஒரு பகுதி இயல்பு. ஒரு பகுதி குறை. புதுப்பிக்கப்பட்ட பழைய மகிழுந்து ஒன்றில் இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பல ஆண்டுகளாகக் கொட்டகையில் தூசி படிந்து நின்ற அம்பாசிடர் மகிழுந்தை ஒருவர் புதுப்பிக்கிறார் என்று கொள்வோம். அவருடைய தந்தையார் ஓட்டிய வண்டி அது. இயந்திரம் முழுவதும் பிரிக்கப்படுகிறது. தேய்ந்த சிலிண்டர்கள் கடையப்பட்டு, ஒரு படி பெரிய பிஸ்டன்கள் பொருத்தப்படுகின்றன. கிராங்க் ஷாஃப்ட் எனப்படும் வணரித்தண்டு சாணை பிடிக்கப்படுகிறது. பேரிங்குகள், வால்வுகள், கிளட்ச் ஆகியன புதியனவாகின்றன. அவருடைய சேமிப்பின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. முதல் ஓட்டத்தில் வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் காலடித் தகடு நடுங்குகிறது. பின்பார்வைக் கண்ணாடியில் தெரியும் உருவங்கள் கலங்குகின்றன. “இயந்திரத்தை மறுபடியும் இறக்கித்தான் பார்க்க வேண்டும்” என்கிறார் ஒருவர். “பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்” என்கிறார் மற்றொருவர். இரண்டுமே ஆராயாமல் கூறப்பட்ட விடைகள். முதலாவது விடை பணத்தை வீணாக்கும். இரண்டாவது விடை, உள்ளே தளர்ந்த உறுப்பு ஒன்று இருக்குமானால், இயந்திரத்தையே முறித்துவிடும்.

அம்பாசிடரின் இயந்திரம்

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரையொட்டிய கௌலியில் உருவான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை மகிழுந்தே அம்பாசிடரின் மூல வடிவம். 1950களின் பிற்பகுதியில் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014ஆம் ஆண்டுவரை நீடித்தது. நெடுங்காலம் இவ்வண்டியில் இருந்தது 1489 கன செ.மீ. கொள்ளளவு கொண்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் இயந்திரம். சிலிண்டரின் விட்டம் ஏறத்தாழ 73 மி.மீ.; பிஸ்டன் மேலிருந்து கீழாகச் செல்லும் தொலைவு 88.9 மி.மீ.

நான்கு பிஸ்டன்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. முதலாவதும் நான்காவதும் மேலேறும்போது, இரண்டாவதும் மூன்றாவதும் கீழிறங்குகின்றன. இருவர் ஏற இருவர் இறங்கும் ஏற்றத்தைப் போல, ஒன்றின் விசையை மற்றொன்று ஈடுசெய்துவிடும் என்றுதான் தோன்றும். பெரும்பகுதி ஈடாகிவிடுகிறது, முழுவதும் ஈடாவதில்லை. காரணம் கனெக்டிங் ராடு. பிஸ்டனையும் வணரித்தண்டையும் இணைக்கும் அத்தண்டு, சுழற்சியின்போது பக்கவாட்டில் சாய்கிறது. சாய்ந்த தண்டின் செங்குத்து உயரம் குறையும் அல்லவா? அதனால் வணரித்தண்டு மேல்நிலையிலிருந்து கால் சுற்றுச் சுழன்றபோது, பிஸ்டன் பாதித் தொலைவில் நிற்பதில்லை. பாதியைத் தாண்டி ஏறத்தாழ 6 மி.மீ. கீழே சென்றுவிடுகிறது. முதல் கால் சுற்றில் ஏறத்தாழ 51 மி.மீ. இறங்கும் பிஸ்டன், அடுத்த கால் சுற்றில் 38 மி.மீ. மட்டுமே இறங்குகிறது. ஆகவே மேற்பாதியில் இயங்கும் இரு பிஸ்டன்களின் விரைவும் கீழ்ப்பாதியில் இயங்கும் இரு பிஸ்டன்களின் விரைவும் ஒன்றாயிருப்பதில்லை. ஈடாகாமல் எஞ்சும் விசை, வணரித்தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை இயந்திரத்தை மேலும் கீழுமாக உலுக்குகிறது.

இது குறையன்று, நேர்வரிசை நான்கு சிலிண்டர் இயந்திரத்தின் பிறவிக்குணம். எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும், எத்துணை முறை எடை பார்த்தாலும் இது நீங்காது. இதனை நீக்கவென்று பட்டறைக்கு மீண்டும் மீண்டும் நடப்பவர்கள் உண்டு. அவர்கள் செலவிடும் பணத்தால் இயந்திரத்துக்குப் பயனில்லை.

தெரிந்து தெளிவோம்

சுற்றுக்கு இருமுறை தோன்றும் இந்த உலுக்கலை ஒடுக்க வழி கண்டவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர். எதிரெதிர்த் திசைகளில், வணரித்தண்டைப்போல் இருமடங்கு விரைவில் சுழலும் இரண்டு தண்டுகளை இயந்திரத்தினுள் அமைப்பதே அவ்வழி. 1970களில் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் இதனை மேம்படுத்தித் தன் வண்டிகளில் பயன்படுத்தியது. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனமும் மிட்சுபிஷியிடம் உரிமம் பெற்றே தன் 944 வகை மகிழுந்தில் இதனை அமைத்தது. அம்பாசிடரின் 1489 கன செ.மீ. இயந்திரத்தில் இத்தகைய தண்டுகள் இல்லை.

எப்போது நடுங்குகிறது?

நோயாளியிடம் மருத்துவர் முதலில் கேட்பது “எப்போது வலிக்கிறது?” என்பதே. இயந்திரத்திடமும் அதையே கேட்க வேண்டும். வண்டி நிற்கும்போது, கியரை நியூட்ரலில் வைத்து, இயந்திரத்தின் விரைவை மெல்ல உயர்த்த வேண்டும். சாலையில் நடுக்கம் தோன்றிய அதே சுழற்சி விரைவில் இங்கும் தோன்றினால், சக்கரங்களும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் குற்றமற்றவை. நின்ற இடத்தில் நடுக்கமே இல்லையெனில், இயந்திரத்தின்மீது கைவைக்கும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். அம்பாசிடரின் நான்காம் கியர் நேரிணைப்பு. அதாவது, அந்தக் கியரில் வணரித்தண்டு சுழலும் அதே விரைவில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் சுழல்கிறது. இரண்டில் எது சமநிலை இழந்திருந்தாலும் நடுக்கத்தின் எண்ணிக்கை ஒன்றே. சக்கரத்தின் நிலை வேறு. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர், ஆகவே சக்கரம் நொடிக்கு 8 முறையே சுழல்கிறது. அது கைக்கு ஆட்டமாகத் தெரியும். வணரித்தண்டோ அதைவிட நான்கு மடங்குக்கும் மேற்பட்ட விரைவில் சுழல்வதால், அதன் நடுக்கம் வண்டின் ரீங்காரத்தை நெருங்கும்.

ஆளரவமற்ற நேரான சாலையில் நடுக்கம் தோன்றும் வேகத்தை எட்டியதும், கியரை நியூட்ரலுக்கு மாற்றிச் சற்றுத் தொலைவு உருள விடுவது மற்றொரு சோதனை. இயந்திரத்தை அணைத்துவிடக் கூடாது. இயந்திரம் இப்போது மெல்லோட்டத்துக்கு இறங்கிவிடும்; புரொப்பல்லர் ஷாஃப்ட் மட்டும் முன்போலச் சுழலும். நடுக்கம் தொடர்ந்தால் பழி பின்பக்கத்தில். இதில் ஒரு விலக்கு உண்டு: தேய்ந்த யுனிவர்சல் ஜாயிண்ட், இழுவிசை இருக்கும்போது மட்டும் நடுங்கி, உருளும்போது அடங்கிவிடலாம். அதனால்தான் நின்ற இடத்துச் சோதனை முதலில் வைக்கப்படுகிறது.

சுற்றுக்கு எத்தனை முறை?

இயந்திரமே காரணம் என்று உறுதியானபின் எழும் வினா, வணரித்தண்டின் ஒரு சுற்றுக்கு எத்தனை நடுக்கம் என்பது. இயந்திரம் நிமிடத்துக்கு 720 சுற்றுகளில் மெல்லோட்டமாக ஓடுகிறது என்று கொள்வோம். நொடிக்கு 12 சுற்றுகள். நான்கு சிலிண்டர்களும் இரு சுற்றுகளுக்கு ஒருமுறை எரிகின்றன. எனவே நொடிக்கு 24 எரிப்புகள். ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் போனால், அந்த இடைவெளி நொடிக்கு 6 முறை வரும். சமநிலை இழந்த ஃப்ளைவீல் நொடிக்கு 12 முறை உலுக்கும். சுற்றுக்கு அரை, சுற்றுக்கு ஒன்று, சுற்றுக்கு இரண்டு என்னும் இம்மூன்றும் மூன்று வேறு நோய்களின் நாடிகள்.

நொடிக்கு ஆறு என்பதைப் பழகிய கை எளிதில் உணரும். பன்னிரண்டுக்கு மேல் எண்ணுவது அரிது. இக்காலத்தில் கைப்பேசியில் உள்ள முடுக்கமானி அவ்வேலையைச் செய்கிறது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நொடிக்கு 100 முறை அளவெடுக்கும் கருவியால் நொடிக்கு 50 அதிர்வுகள்வரை மட்டுமே சரியாகக் காட்ட இயலும். அதற்கு மேற்பட்டதை வேறொரு பொய்யெண்ணாகக் காட்டிவிடும். ஆகவே தாழ்ந்த சுழற்சி விரைவில் அளப்பதே நல்லது.

சுற்றுக்கு அரை என்றால் அது எரிப்பின் குறை. பட்டறைகளில் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பர். இயந்திரம் மெல்லோட்டத்தில் இருக்கும்போது, மின்காப்புள்ள இடுக்கியால் ஒவ்வொரு பிளக்கின் கம்பியையும் கழற்றி, அதன் முனையை இயந்திரத்தின் உலோகப் பகுதியில் தொடவைத்துக் கவனிக்க வேண்டும். எதைக் கழற்றும்போது ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டர் முன்பே வேலைநிறுத்தம் செய்துவிட்டது என்று பொருள். புதுப்பித்த இயந்திரத்தில் இதற்குரிய காரணங்கள் பெரும்பாலும் எளியவை: சி.பி. பாயிண்ட்டின் இடைவெளி பிசகியிருக்கும். வால்வு ஒன்றின் இடைவெளி மிகக் குறைவாக வைக்கப்பட்டதால் வால்வு முழுவதும் மூடாதிருக்கும். கார்புரேட்டருக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையேயுள்ள கேஸ்கெட் வழியாகக் காற்றுக் கசியும். எரிப்பு வரிசை 1, 3, 4, 2 என்பது. இரண்டு பிளக் கம்பிகள் இடம் மாறிவிட்டாலும் இயந்திரம் முக்கி முனகி ஓடவே செய்யும். இந்த அற்பப் பிழைக்காக இறக்கப்பட்ட இயந்திரங்கள் உண்டு என்றால் நம்புவது கடினம். பட்டறைகளில் பழகியோர் நம்புவர்.

பத்துக் கிராமின் வலிமை

சுற்றுக்கு ஒன்று என்றால் சுழலும் உறுப்பு எதிலோ எடை ஒருபக்கம் மிகுந்திருக்கிறது. அந்த மிகுதி எவ்வளவு சிறியதாயினும் சுழற்சியில் பெரிதாகிவிடும். ஃப்ளைவீலின் மையத்திலிருந்து 12 செ.மீ. தொலைவில் 10 கிராம் எடை கூடுதலாக இருப்பதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 3000 சுற்றுகளில் அதன் மையவிலக்கு விசை ஏறத்தாழ 118 நியூட்டன்; 12 கிலோ எடையுள்ள பொருள் ஒன்று தொங்குவதற்குச் சமம். அந்த இழுப்பு, நொடிக்கு 50 முறை திசைசுழன்று பேரிங்குகளைத் தாக்கும். விரைவு பாதியானால் விசை காற்பங்காகும். வண்டி மெதுவாகச் செல்லும்போது ஒன்றுமறியாததுபோல் இருந்துவிட்டு, வேகம் கூடியதும் திடீரெனச் சீறுவது இதனால்தான்.

எந்த உறுப்பு என்று காண்பதற்குச் செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்க வேண்டும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை ஓட்டினால் விசிறி, தண்ணீர் பம்பு, டைனமோ ஆகிய மூன்றும் நின்றுவிடும். நடுக்கமும் நின்றால் குற்றவாளி அம்மூவருள் ஒருவர். வளைந்துபோன விசிறி இதழாகவே இருக்கலாம். பம்பு இயங்காத நிலையில் தண்ணீர் சுழலாது என்பதால் ஒரு நிமிடத்துக்கு மேல் இச்சோதனையை நீட்டக் கூடாது. அடுத்து, கிளட்ச் மிதியை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் கிளட்ச் தட்டும் கியர்பெட்டியின் உள்தண்டும் இயந்திரத்திலிருந்து பிரிந்துவிடும். அப்போதும் நடுக்கம் மாறாவிட்டால், எஞ்சியவை வணரித்தண்டு, ஃப்ளைவீல், அதன்மீது பூட்டப்பட்ட கிளட்ச் கவர் ஆகியனவே.

தொடக்கத்தில் கண்ட வண்டிக்கு வருவோம். நின்ற இடத்திலும் அது நடுங்கியது. பெல்ட்டைக் கழற்றியும் மாறவில்லை. கிளட்ச்சை அழுத்தியும் மாறவில்லை. எண்ணிக்கை சுற்றுக்கு ஒன்று. இப்போதும் இயந்திரத்தைப் பிரிக்கும் தேவை வரவில்லை. கியர்பெட்டியைக் கழற்றினால் கிளட்ச் கவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஃப்ளைவீலின் முகத்தில் சிறு முளைகள் உண்டு; அவற்றில் அமர்ந்தால்தான் கவர் நடுமையத்தில் நிற்கும். ஃப்ளைவீலைச் சாணை பிடிப்பதற்காகக் கழற்றிய அம்முளைகளைத் திரும்பப் பொருத்த மறந்திருந்தார்கள். ஆணிகள் துளைகளுக்குள் கொண்ட சிறு தளர்வால், கவர் அரை மி.மீ. விலகி இறுகியிருந்தது. அரை மி.மீ. என்பது அலட்சியப்படுத்தக் கூடிய அளவன்று. கவரின் எடை 4 கிலோ எனில், அவ்விலகல் மேலே கண்ட 10 கிராமைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட விசையைத் தரும். முளைகளின் விலையோ மிகச் சொற்பம்.

முளைகள் சரியாக இருந்து நடுக்கம் மட்டும் நீடித்தால், வணரித்தண்டையும் ஃப்ளைவீலையும் சமநிலைப்படுத்தும் பொறியில் ஏற்ற வேண்டியிருக்கும். கத்திமுனைபோன்ற தாங்கிகளில் கிடத்தி, எப்பக்கம் கனத்துச் சாய்கிறது என்று பார்ப்பது போதாது. தண்டின் ஒரு முனையில் மேற்பக்கமும் மறுமுனையில் கீழ்ப்பக்கமும் சம எடை மிகுந்திருந்தால், கிடக்கும்போது அது சாயாது. சுழலும்போது தலையும் காலும் எதிரெதிராக ஆடும். அதனைச் சுழற்றித்தான் அளவிட முடியும். மிகுந்த இடத்தில் சிறு குழி துளைத்து எடையைக் குறைப்பர். முதலில் வணரித்தண்டைத் தனியாகவும், பிறகு ஃப்ளைவீலைச் சேர்த்தும், அதன்பின் கிளட்ச் கவரைச் சேர்த்தும் சமன்செய்வதே முறை. மூன்றையும் ஒருசேரப் பூட்டிச் சமன்செய்துவிட்டால், பின்னாளில் கிளட்ச்சை மாற்றும்போது எல்லாம் கலைந்துவிடும்.

பிஸ்டன்களின் எடை பற்றிய கவலை இயந்திரத்தைப் பூட்டுமுன் வர வேண்டியது. ஒரு படி பெரிய பிஸ்டன்கள் சற்றுக் கனமானவை. நான்கும் ஒருங்கே கனத்தால் தீங்கு சிறிது. ஒன்றை மட்டும் வேறு தயாரிப்பிலிருந்து வாங்கிப் போடுவதுதான் தீங்கு. கனெக்டிங் ராடுகளின் இரு முனைகளையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பதும் அதே போன்றது. ஏனெனில் ஒரு முனை சுழல்கிறது, மறுமுனை ஏறி இறங்குகிறது.

இயல்பை எங்கே நிறுத்துவது?

சுற்றுக்கு இரண்டு என்று எண்ணிக்கை வந்தால், அது முன்னர்க் கண்ட பிறவிக்குணம். அதை நீக்க முடியாது. வண்டியின் உடலுக்குள் செல்லாமல் தடுக்க முடியும். அவ்வேலையைச் செய்பவை இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள். ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் எண்ணெய் குடித்து ஊறிவிடும் அல்லது காய்ந்து கல்லாகிவிடும். புதிதாக வாங்கியவையே மிகக் கடினமாக இருப்பதும் உண்டு. மவுண்டுகள் நன்றாயிருந்தும், இயந்திரம் கோணலாக இறக்கப்பட்டு அவை முறுகியபடி இறுக்கப்பட்டிருந்தால் பயனில்லை. அவற்றின் ஆணிகளைச் சற்றுத் தளர்த்தி, இயந்திரத்தைச் சில நொடிகள் மெல்லோட்டத்தில் விட்டு, அது தன் இடத்தில் தானே அமர்ந்தபின் அணைத்துவிட்டு இறுக்க வேண்டும். புகைக்குழாய் வண்டியின் அடித்தகட்டை எங்கேனும் தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த ஒரு தொடுகையே இயந்திரத்தின் உலுக்கல் முழுவதையும் இருக்கைவரை கொண்டுவந்துவிடும்.

இவ்வியந்திரத்துக்கு வேறோர் இயல்பும் உண்டு. இதன் வணரித்தண்டை மூன்று முதன்மை பேரிங்குகள் மட்டுமே தாங்குகின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த 1798 கன செ.மீ. இயந்திரத்துக்கு 1964இல் இங்கிலாந்தில் ஐந்து பேரிங்குகள் அமைக்கப்பட்டன. மூன்று தாங்கிகளுக்கு இடையே நீண்டு நிற்கும் தண்டு உயர் விரைவில் சற்றே வளைந்து கொடுக்கும். ஓட்டத்தில் ஒரு சொரசொரப்புத் தோன்றும். அம்பாசிடரை விரட்டாமல் ஓட்டியவர்களின் வண்டிகள் நெடுநாள் உழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த நடுக்கத்தை இயல்பு என்று விட்டுவிடக் கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். நாள்தோறும் ஒரே அளவாக இருக்கும் நடுக்கத்தை ஆற அமர ஆராயலாம். நேற்று இல்லாத நடுக்கம் இன்று தோன்றினாலோ, அதனோடு ‘டக் டக்’ என்ற அடியோசை கேட்டாலோ, எண்ணெய் அழுத்தமானியின் முள் இறங்கினாலோ வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ஃப்ளைவீலின் ஆணி தளர்ந்திருக்கலாம்; பேரிங் தேய்ந்து தண்டு குலுங்கலாம். மென்மையான மவுண்டுகளை மாட்டி இத்தகைய நடுக்கத்தை மறைப்பது, காய்ச்சலின்போது வெப்பமானியை உடைப்பது போன்றது.

முளைகளைப் பொருத்திக் கியர்பெட்டியை ஏற்றிய பின்னர் அந்த அம்பாசிடர் மீண்டும் சாலைக்கு வந்தது. 60 கி.மீ. வேகத்தில் கண்ணாடியின் உருவங்கள் கலங்கவில்லை. வீடு திரும்பிச் சாவியைத் திருப்பியபோது இயந்திரம் ஒருமுறை குலுங்கி நின்றது. உரிமையாளர் திடுக்கிட்டார். ரப்பர் மவுண்டுகளின்மேல் அமர்ந்த இயந்திரத்துக்கு ஊஞ்சலைப்போல ஓர் இயல்பான ஆட்ட எண் உண்டு. மெல்லோட்ட விரைவுக்கும் கீழே அது இருக்கும்படி அமைப்பர். அணைக்கப்பட்ட இயந்திரத்தின் விரைவு சுழியத்துக்கு இறங்கும் வழியில் அந்த எண்ணைக் கடக்கிறது. கடக்கும் நொடியில் ஒத்ததிர்வு நிகழ்ந்து, ஒரு குலுங்கல் தோன்றி மறைகிறது. அவருடைய தந்தையார் காலத்திலும் அந்த வண்டி அப்படித்தான் நின்றது.